அம்மம்மா வீட்டுக் கதவைக் கழட்டி மியூசியத்தில வைக்கிறதோ, நிண்ட இடத்தில விடுறதோ?

லாச்சப்பல்_மச்சான்:
போன ஞாயிறு அம்மாவைக் கூட்டிக்கொண்டு கார்னவாலே மியூசியத்துக்குப் போனன். பாரிஸ் நகரத்தின்ர வரலாறை மட்டும் சொல்லுற இடம். நிரந்தரக் காட்சிக்குக் காசில்லை. உண்மையைச் சொன்னா அதுக்குத்தான் போனது. வாளும் கிரீடமும் இருக்குமெண்டு நினைச்சன். உள்ளுக்கை போனா அறை அறையா வீடுகள். எப்பவோ இடிச்ச மாளிகைகளின்ர சுவர்ப்பலகை, முகட்டு ஓவியம், நிலைக்கண்ணாடி எல்லாத்தையும் கழட்டிக் கொண்டுவந்து திரும்பப் பூட்டி வைச்சிருக்கிறாங்கள். 1762 இல ராணுவ அதிகாரிகள் கூடிக் கோப்பி குடிச்ச கடையின்ர சுவர் இருக்கு. 1901 இல அல்ஃபோன்ஸ் முக்கா எண்ட ஓவியர் வரைஞ்சு குடுத்த நகைக்கடை முழுசா இருக்கு, சுவரில மயில் தோகை விரிச்சு நிக்குது. பழைய கடைப் பெயர்ப்பலகைகளுக்கெண்டே தனி மண்டபம். எழுத்தாளர் மார்செல் புரூஸ்ட் படுத்துக்கொண்டே எழுதின கட்டிலும் அங்கதான். தெருச் சத்தம் கேக்கக்கூடாதெண்டு அந்தாள் சுவரெல்லாம் தக்கை ஒட்டி வைச்சிருந்தவராம்.

நகைக்கடைக்கு முன்னால அம்மா அப்பிடியே நிண்டிட்டா. கனநேரம் கதைக்கேல்லை. பிறகு கேட்டா, "அம்மம்மா வீட்டுக் கதவு எங்கையடா போச்சு?"

திருகோணமலை டைக் வீதி வீட்டு முன்கதவு. மேல அரைவட்டத்தில சிவப்பும் பச்சையுமாக் கண்ணாடி, பின்னேர வெயில் பட்டா விறாந்தைத் தரையில நிறம் விழும். வீட்டை வாங்கினவர் இடிச்சு மாடி கட்டினார். கதவு லொறியில ஏறிக் கொழும்புப் பக்கம் போச்செண்டு கேள்வி.

ஊரில இருக்கிறாக்களிட்டக் கேக்கிறன். ஒல்லாந்தர் காலத்துக் கடற்படை ஆணையாளர் வீட்டைத் திருத்தி 2013 இல மியூசியமாத் திறந்தாச்சு. பெயரே கடல்சார், கடற்படை வரலாறு. ஊர்ச்சனம் இருந்த வீடு எங்க? இடிபடப்போற வீடுகளில ரெண்டு அறையையாவது கழட்டி வைக்க எங்களுக்கொரு நகர மியூசியம் வேணுமோ இல்லையோ?

உப்புவெளிப்_பழசு:
வேண்டாம் தம்பி. கோவிக்காதையும்.

அந்த மியூசியத்தின்ர கதையில பாதியை விட்டிட்டீர். அந்த மாளிகையைப் பாரிஸ் நகரசபை 1866 இல வாங்கினது ஓஸ்மான் எண்டவர் சொல்லி. அவர்தான் பழைய பாரிஸை இடிச்சு அகல ரோட்டுப் போட்டவர். ஒரு கையால இடிக்கிறது, மற்றக் கையால துண்டு பொறுக்கிறது. 1880 இல மியூசியம் திறக்கேக்க ஓஸ்மான் பதவியிலயே இல்லை, ரோட்டு மட்டும் இருந்தது. கழட்டி வைக்க ஒரு இடம் இருக்கெண்டு தெரிஞ்சா இடிக்கிறவனுக்கு நல்ல வசதி. "கதவைக் குடுத்திட்டன்தானே" எண்டு சொல்லிக்கொண்டு சுவரைத் தள்ளுவான்.

எங்களுக்கு இது புதுசுமில்லை. 1622 இல போர்த்துக்கேயர் கோணேசர் கோயிலை இடிச்சு, அந்தக் கல்லிலதான் கோட்டையைக் கட்டினவை. பிரெட்ரிக் கோட்டை வாசலில இரட்டை மீனும் தமிழ்க் கல்வெட்டும் இப்பவும் இருக்கு. மானுக்குக் கீரை குடுத்துப் படம் எடுக்கிற சனத்தில எத்தினை பேர் தலையை நிமித்திப் பாக்குது? கழட்டிப் பூட்டின கல்லுக்கு இதுதான் கதி.

லாச்சப்பல்_மச்சான்:
அண்ணை, கோயிலை உடைச்சதையும் இதையும் ஒண்டாக்காதேங்கோ. அது பறிச்சது. நான் சொல்லுறது எப்பிடியும் விறகாகப் போறதை எடுத்து வைக்கிறது. ஓஸ்மான் கதை எனக்கும் தெரியும். ஆனா அந்த மியூசியம் இல்லாட்டி அந்த அறைகளும் இல்லை. 1871 இல பாரிஸ் நகரசபைக் கட்டடம் எரிஞ்சது, நகரத்தின்ர நூலகமும் அதோட சாம்பல். ஜூல் கூசின் எண்ட நூலகர் தன்ர சொந்தப் புத்தகம் 6,000 குடுத்துத் திரும்பத் தொடங்கி வைச்சவர். அதைத்தான் சொல்ல வந்தனான்.

உப்புவெளிப்_பழசு:
நூலகம் எரிஞ்ச கதையை எங்களுக்குப் பாரிஸில இருந்து சொல்லவேணுமோ? யாழ்ப்பாண நூலகம் எரிஞ்ச 1981ஐ மறந்திட்டீரோ?

லாச்சப்பல்_மச்சான்:
மறக்கேல்லை. மறக்காததாலதான் கேக்கிறன்.

தச்சன்மகள்:
ரெண்டுபேரும் கதவைத் தொட்டுப் பாக்காமல் கதைக்கிறியள். என்ர அப்பா ஐம்பது வருசம் இந்த ஊரில மரவேலை செய்தவர், நானும் இப்ப அதுதான். பழைய வீடுகளில நிலை பாலை, கதவு முதிரை. முதிரையை இழைச்சா மஞ்சள் பட்டு மாதிரி ஓடும். கரையான் லேசில தொடாது. அந்தக் கதவுகள் நூறு வருசம் உப்புக்காத்தில நிண்டும் உக்கேல்லை. உக்கினது எப்ப தெரியுமோ? சுண்ணாம்புச் சாந்துச் சுவருக்கு மேல சீமெந்து பூசின பிறகு. பழைய சுவர் முருகைக்கல் சுட்ட சுண்ணாம்பு, ஈரத்தை இழுக்கும், வெளியிலயும் விடும். சீமெந்து போட்டா ஈரம் உள்ளுக்கை நிண்டு உப்புப் பூத்து, நிலைக்கட்டை அடியில இருந்து கறுக்கும். பிறகு "பழசு, ஒண்டும் செய்யேலாது" எண்டு இடிக்கிறது.

அதால பழசு அண்ணை சொல்லுற "இருந்த இடத்தில விடு" எண்டது சும்மா விட்டா நடக்காது. ஆரோ சுண்ணாம்பு குழைக்கவேணும். அந்த வேலை தெரிஞ்ச மேசன் இப்ப விரல்விட்டு எண்ணுற ஆக்கள். மச்சான் சொல்லுற மாதிரிக் கழட்டினாலும் சிக்கல்தான். ஈரக்காத்தில ஊறின மரத்தை ஏசி அறைக்குள்ள வைச்சா முதல் வருசமே பொருத்து விடும், கண்ணாடி கழண்டு விழும். நிலையோட கழட்டவேணும், பிணைச்சலோட. சும்மா கதவை மட்டும் கழட்டிச் சுவரில சாத்தி வைச்சா அது கதவில்லை, பலகை.

மூதூரான்:
எல்லாரும் டைக் வீதி வீட்டையே கதைக்கிறீங்க. எங்கட வாப்பா துறையில மீன் ஏத்தினவர். எங்கட வீடு கிடுகு. 2004 இல கடல் வந்து பத்து நிமிசத்தில அள்ளிக்கிட்டுப் போச்சு. அதில கழட்டி வைக்க என்ன இருந்திச்சு? உம்மா இழைச்ச பன்புல்லுப் பாய் இருந்திச்சு. சிவப்பும் ஊதாவும் சாயம் ஏத்திக் கட்டம் போட்டு இழைப்பா, கலியாணம் எண்டா சுவர் முழுக்கச் சீலை கட்டி அந்தப் பாயை விரிப்பாங்க. அதுவும் அலங்காரம்தான். உங்கட மியூசியத்தில அதுக்கு இடம் இருக்கா? இல்லாட்டி இதுவும் ஆணையாளர் வீடுதான், ஆள் மட்டும் தமிழ் ஆள்.

லாச்சப்பல்_மச்சான்:
சரியான கேள்வி நானா. நான் யோசிக்கேல்லை. அங்கயும் மாளிகைதான் கூட. ஆனா கோப்பிக் கடையும் கடைப் பலகையும் வைச்சிருக்கிறாங்கள் எண்டதுதான் எனக்குப் பிடிச்சது. மொன்மாத்திரில இருந்த ஒரு களியாட்டக் கடையின்ர கறுப்புப் பூனைப் பலகை அங்க தொங்குது. எங்கட பிரதான வீதிப் பழைய கடைப் பலகைகள் எங்க?

கந்தோர்_கந்தையா:
பிளாஸ்டிக் பலகைக்குப் பின்னால ஆணியோட இருக்கு. நம்பாட்டி வந்து கழட்டிப் பாரும்.

எனக்கு மியூசியம் வேணுமெண்டும் இல்லை, வேண்டாமெண்டும் இல்லை. ஆனா ஒண்டு: கதிரை, மேசை, வாங்கு, அலுமாரி, யன்னல், விறாந்தை எல்லாம் போர்த்துக்கேயன் விட்டிட்டுப் போன சொல்லு. கந்தோரும் கக்கூசும் ஒல்லாந்தன்ர. எங்கட வாயே ஒரு மியூசியம், டிக்கெட்டும் இல்லை. கொழும்பு புறக்கோட்டை பிரின்ஸ் வீதியில ஒல்லாந்தர் கால மியூசியம் 1982 இல இருந்து இருக்கு. பழைய தளபாடம் பாக்கிறதெண்டா, திறந்திருந்தா பஸ் ஏறிப் போய்ப் பாக்கலாம். கக்கூசை வைச்சிருக்கிறாங்களோ எண்டு தெரியாது.

உப்புவெளிப்_பழசு:
பகிடியை விடும் கந்தையா. 1950 இல நகரசபை ஆக்கள் கிணறு வெட்டேக்க மண்ணுக்குள்ள இருந்து கோணேசர் கோயில் வெண்கல விக்கிரகங்கள் வந்தது உமக்குத் தெரியும். சோமாஸ்கந்தர், சந்திரசேகரர், அம்பாள். அதைக் கண்ணாடிப் பெட்டிக்குள்ள வைச்சிருந்தா இலக்கம் ஒட்டி, கீழ மூண்டு மொழியில ரெண்டு வரி எழுதியிருப்பினம். அது கோயிலுக்குப் போச்சு. எண்ணெய்க்காப்பும் சாத்துப்படியும் நடக்குது. எனக்குப் பாதுகாப்பெண்டா அதுதான். பாவிக்கிறது.

தச்சன்மகள்:
பாவிக்கிறதால அழிஞ்சதும் இருக்கு அண்ணை. பத்திரகாளி அம்மன் கோயிலுக்குள்ள முகட்டைப் பாருங்கோ, இடைவெளி இல்லாமல் சிலையும் நிறமும். வடிவுதான். ஆனா கும்பாபிஷேகத்துக்குக் கும்பாபிஷேகம் எந்தக் கோயிலிலயும் புதுப் பெயின்ற் அடிக்கிறம். அப்பா சின்னனாப் பாத்த நிறம் எது, தாத்தா பாத்தது எது எண்டு இண்டைக்கு ஆரும் சொல்லமாட்டினம். அடிக்கவேண்டாமெண்டு நான் சொல்லேல்லை, சாமிக்குப் புதுச்சீலைதான் வேணும். அடிக்கமுதல் ஒரு படம் எடுத்து, ஒரு சாண் இடத்தைச் சுரண்டி எத்தினை பூச்சு இருக்கெண்டு எழுதி வைச்சா என்ன குறைஞ்சுபோகும்?

கந்தோர்_கந்தையா:
இன்னொண்டு, இது பகிடியில்லை. 1940 ஆம் ஆண்டுத் தொல்பொருள் கட்டளைச் சட்டத்தில ஒரு கோடு இருக்கு: 1815 மார்ச் 2. கண்டி ஒப்பந்த நாள். அதுக்கு முந்தினதுதான் புராதனம். ஆணையாளர் வீடு அதுக்குள்ள வரும். மச்சான்ர அம்மம்மா வீடு, பிரதான வீதிக் கடை எல்லாம் வெள்ளைக்காரன் காலத்தில வந்ததெண்டா, ஆரும் தனியா அறிவிக்காட்டி அது வெறும் பழைய வீடு. சொந்தக்காரர் இடிக்கலாம். அவரையும் குறை சொல்லேலாது, ஓடு மாத்துற காசுக்கு ஒரு பக்கம் மாடியே கட்டலாம். பழசு அண்ணை, "நிண்ட இடத்தில விடு" எண்டா ஓடு மாத்துற காசு ஆர் குடுக்கிறது?

உப்புவெளிப்_பழசு:
அதுக்கு என்னட்டப் பதில் இல்லை. ஆனா கழட்டுறதுக்கு நான் இன்னும் ஓமெண்டு சொல்லேல்லை.

மூதூரான்:
ராத்தா, உள்துறைமுக வீதித் திருப்பத்தில நீலச் சுவர் வீடு, விற்பனைக்கு எண்டு தகரம் தொங்குது. நேத்து பைக்கில வரக்குள்ள பாத்தன். மேல அரைவட்டக் கண்ணாடி இருக்கு, ஒரு துண்டு மட்டும் இல்ல.

தச்சன்மகள்:
அந்த வீட்டுக்காரரை எனக்குத் தெரியும், அப்பா அங்க யன்னல் செய்தவர். கழட்டுறதோ விடுறதோ பிறகு பாப்பம், முதல்ல அளவு எடுப்பம். நிலை, பிணைச்சல், கண்ணாடிச் சட்டம், தரைச் சீமெந்துப் பூ எல்லாம். சனிக்கிழமை காலமை ஏழு மணி. டேப்பும் நூல்குண்டும் என்னட்ட இருக்கு. ஏணி ஆரிட்டையும் இருக்கோ?

உப்புவெளிப்_பழசு:
என்னட்ட இருக்கு. பன்னிரண்டடி. ஓட்டோவில ஏறாது, ஆரும் வந்து தூக்குங்கோ.

லாச்சப்பல்_மச்சான்:
படம் எடுத்தா எனக்கும் அனுப்புங்கோ. அம்மா கேப்பா, சிவப்புக் கண்ணாடி இடப்பக்கமோ வலப்பக்கமோ எண்டு.