அம்மம்மாவின்ர சொலவடையில வாற இனப்பெயர்களை என்ன செய்யிறது?

வெள்ளவத்தை:
அம்மம்மாவின்ர பேச்சுவழக்கைப் பேரப்பிள்ளைகளுக்காகத் தொகுக்கிறம். ‘பனங்கொட்டை சூப்பி’, ‘மட்டக்களப்பான் பாயோட ஒட்டவைப்பான்’, ‘சிங்களயா மோடயா, கெவுங் கன்ன யோதயா’, ‘தோட்டக்காட்டான்’ எல்லாம் இருக்கு. எதை வைக்கலாம்? பொருளை ஒரு வரியில எழுதினாப் போதுமா?

கொட்டாஞ்சேனை:
ஒரு வரி காணாது. ஆர் சொன்னது, ஆரைப் பார்த்து, அந்த ஆள் முன்னால நிண்டவரோ, இதையும் எழுதுங்கோ. கெவுங் வரி, ‘சிங்களவன் மடையன், பலகாரம் தின்னுற வீரன்’ எண்டு சிங்களவரே தங்களை நக்கலடிக்கிறது. பலகாரம் எண்டால் நாங்கள் வீரர் எண்டு சிரிப்பினம். எங்கட குசினியில அதைச் சொன்னால் ‘மோடயா’ மட்டும்தான் மிஞ்சும்.

‘பனங்கொட்டை சூப்பி’ யாழ்ப்பாணத்தாரைச் சொல்லுறது, அதுக்குக் கொஞ்சம் கூட எழுதலாம். பனம்பழக் களியைப் பிசைஞ்சு எடுத்தாலும் தும்பில ஒட்டிக்கொண்டுதான் இருக்கும். அதைச் சூப்பிப்போட்டுக் கொட்டையைப் பாத்தி போட்டால் கிழங்கு, கிழங்கு காய்ஞ்சால் ஒடியல். ஒண்டையும் எறியாத பழக்கத்தைத்தான் இளக்காரம் பண்ணினது. இப்ப யாழ்ப்பாணத்தார் தங்களுக்குள்ள பகிடியாச் சொல்லுகினம். வேற ஆள் சொன்னால் முகம் மாறும்.

மருதானை:
‘தம்பி’யையும் சேருங்க. தமிழ்ல வாஞ்சைச் சொல். சிங்களத்துக்குப் போய் ‘தம்பியா’ ஆகி, முஸ்லிம் ஆக்களை ஏசுற சொல்லாப் போச்சு. முஸ்லிம் ஆக்களைச் சொல்ற ‘சோனகர்’ அப்படி இல்ல. ‘யவனர்’ வழியா வந்த பெயர், கொழும்பில பழைய சோனகத் தெருவே இருக்கு. ரெண்டையும் ஒரே பக்கத்தில போட்டுக் குழப்பாதீங்க.

ஹட்டன் வீதி:
‘தோட்டக்காட்டான்’, ‘கள்ளத்தோணி’ ரெண்டும் மலையகத் தமிழரை ஏசுற சொல், பகிடிச் சொல்லோட வைக்காதீங்க. இந்தியாவில மண்டபம் முகாம்ல பதிஞ்சு, தோட்ட வேலைக்குத் தலைமன்னாருக்குக் கப்பல்ல வந்தவங்களையும் கள்ளத்தோணின்னாங்க. 1948 குடியுரிமைச் சட்டம் பெரும்பாலானவங்கள நாடற்றவங்களாக்கிச்சு, 1949ல வாக்கும் போச்சு. அந்தச் சொல்லுக்குப் பின்னால சட்டமே நின்னுச்சு. பிள்ளைங்க பிரதியில வேணாம். பெரியவங்க பிரதியில இந்த ஆண்டுகளோட போடுங்க. ‘அந்தக் காலத்தில எல்லாரும் சொன்னது’ன்னு மட்டும் எழுதிடாதீங்க. கேட்டுக்கிட்டு நின்னவங்க சொல்லல.

வெள்ளவத்தை:
விளங்குது. அப்ப மட்டக்களப்பான்ர பாய்?

கொட்டாஞ்சேனை:
அது தாராளமா வைக்கலாம். மட்டக்களப்புக்கு உழைக்கப் போன யாழ்ப்பாணத்து இளந்தாரி அங்கேயே கலியாணம் கட்டி நிண்டிட்டால், வீட்டார் ஊருக்குச் சொன்ன சாட்டு அது. பொடியன் தானே விரும்பி நிண்டிட்டான் எண்டதை விட, மந்திரம் போட்டிட்டாங்கள் எண்டால் மானம் மிஞ்சும். மட்டக்களப்பார் அதையே எங்கட விருந்தோம்பல் அப்படி எண்டு திருப்பிப்போட்டினம்.