அம்பா நின்ற இடம்: கரைவலை இழுத்தவர்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

தங்கச்சிமடத்தான்:

11 ஆண்டுகளுக்குப் பிறகு, பொங்கலுக்கு ஊருக்கு வந்தபோது கரைவலை இழுத்தேன். சென்னையில் எனக்கு நாற்காலி வேலை. "வா மருமகனே, ஒரு கை பிடி" என்று மாமா கூப்பிட்டார், போய்விட்டேன்.

இழுத்தவர்களுக்குத் தெரியும், கையைவிடத் தொடைக்குத்தான் வேலை அதிகம். ஈரக் கயிற்றை இடுப்போடு அணைத்து, குதிகாலை மணலில் புதைத்து, பின்னால் சாய்ந்து ஓரோர் அடியாக நகர வேண்டும். மாமா அம்பா, அதாவது வலை இழுக்கும்போது பாடும் பாட்டை, எடுத்துக் கொடுத்தார், நாங்கள் ஏலேலோ போட்டோம். மீன் சேரும் பையான மடி கரையை நெருங்கியதும் வேகம் கூடியது. எனக்கு ஏலேலோ வரவில்லை. வாயைத் திறந்தால் மூச்சுதான் வந்தது. தொடை இரண்டும் தீயாக எரிந்தன. மாமா திரும்பிப் பார்த்து, "பாட்டு போனால் அடுத்து கால் போகும், கொஞ்சம் விட்டு இழு" என்றார்.

மணலில் உட்கார்ந்த சில நிமிடங்களில் எரிச்சல் அடங்கிவிட்டது. ஆனால் இரண்டாம் நாள் காலையில் வீட்டுப் படி இறங்க முடியவில்லை. "லாக்டிக் அமிலம் தங்கிவிட்டது, தேய்த்து எடு" என்று பள்ளியில் கபடி சொல்லிக் கொடுத்தவர் சொல்வார். அத்தையும் தைலம் தேய்த்தார். சில நிமிடங்களில் போன அமிலம் இரண்டாம் நாள் எப்படித் திரும்பி வரும்?

மண்டபம் பிசியோ:

திரும்பி வரவில்லை, தம்பி. அவை இரண்டும் வேறு வேறு வலிகள். இந்தக் குழப்பத்தைத் தீர்க்கத்தான் நான் நாள்தோறும் பாடுபடுகிறேன்.

கடினமாக இழுக்கும்போது தசைக்குச் சக்தி உடனே வேண்டும். குளுக்கோஸ் வேகமாக உடைந்து பைருவேட் ஆகிறது, அதில் பெரும்பகுதி லாக்டேட்டாக மாறுகிறது. லாக்டிக் அமிலம் என்று பலரும் சொல்வது இதைத்தான். அந்தக் கடைசி மாற்றம் அமிலத்தன்மையைத் தரும் ஹைட்ரஜன் அயனி ஒன்றைத் தன்னுள் எடுத்துக்கொள்கிறது. தசைக்குச் சக்தி தரும் மூலக்கூறான ஏடிபி உடையும்போதுதான் ஹைட்ரஜன் அயனி வெளியே வருகிறது. இதை முன்வைத்து, அமிலத்துக்கு லாக்டேட்டைக் குற்றம் சொல்வது தவறு என்று 2004இல் ராபர்க்ஸ் என்ற ஆய்வாளரும் உடன் எழுதியவர்களும் வாதிட்டார்கள். ஆய்வாளர்கள் சிலர் அதை ஏற்கவில்லை. ஆனாலும் தசைக்குள் அமிலத்தன்மை கூடுவது உண்மை: ஓய்வில் 7 அளவில் இருக்கும் பிஎச் (இது இறங்கினால் அமிலத்தன்மை கூடுகிறது என்று பொருள்), சோர்ந்து விழும் நேரத்தில் 6.5 வரை இறங்கும்.

உங்கள் ஏலேலோ நின்றதற்கும் இதற்கும் தொடர்பு உண்டு. இரத்தத்துக்கு வரும் அமிலத்தைப் அங்குள்ள பைகார்பனேட் என்ற உப்பு சமன்செய்யும்போது கரியமில வாயு உண்டாகிறது. அதை வெளியேற்ற மூச்சு வேகமெடுக்கிறது. பாட மூச்சு மிஞ்சுவதில்லை. ஓட்டப் பயிற்சியில் பேச முடிகிறதா என்று பார்த்தே வேகத்தை அளப்பார்கள். உங்கள் மாமா அதே அளவுகோலை வைத்திருக்கிறார்.

லாக்டேட் கழிவும் அல்ல. இதயம் அதை எரித்துச் சக்தியாக்குகிறது, கல்லீரல் மீண்டும் குளுக்கோஸாக்குகிறது. பெயர் கெட்டதற்கு ஒரு காரணம், 1907இல் ஃபிளெட்சர், ஹாப்கின்ஸ் என்ற ஆய்வாளர்கள் தவளைத் தசையை உடலிலிருந்து பிரித்துச் சோதித்தது. இரத்த ஓட்டமே இல்லாத தசையிலிருந்து லாக்டேட் எங்கே போகும்? உயிருள்ள உடலில் ஒரு மணி நேரத்துக்குள் ஏறக்குறைய பழைய அளவுக்கு இறங்கிவிடும்.

இரண்டாம் நாள் வலிக்குக் காரணம் வேறு. அலை பின்வாங்கும்போது வலை உங்களைக் கடல் பக்கம் இழுத்திருக்கும். விட்டுக்கொடுக்காமல் நிற்க, முழங்கால் மெல்ல மடிந்திருக்கும். அப்போது தொடைத்தசை நீண்டுகொண்டே பாரம் தாங்குகிறது. பழக்கமில்லாத தசை இழைகளில் நுண்ணிய சிதைவு உண்டாகி, 1 முதல் 3 நாளுக்குள் வலி உச்சத்துக்குப் போகும். அத்தையின் தைலம் வலிக்கு இதம். அமிலத்தை எடுக்கிறது என்று மட்டும் நினைக்காதீர்கள். அதற்குள் அங்கே எடுக்க எதுவும் மிச்சமில்லை.

பாம்பன் மகள்:

என் அம்மா விரல்களில் துணி சுற்றிக்கொண்டு கடற்பாசி எடுக்க முழுகுகிறவர். ஒவ்வொரு முழுக்குக்கும் நடுவில் படகு விளிம்பைப் பிடித்துக்கொண்டு கண்மூடி நிற்பார். நேரம் வீணாகிறதே என்று சிறுமியாக இருந்தபோது அவசரப்படுத்தியிருக்கிறேன், இப்போது நினைத்தால் வருத்தமாக இருக்கிறது. அந்த நிற்றலுக்கும் இதற்கும் தொடர்பு உண்டா, அண்ணா?

மண்டபம் பிசியோ:

உண்டு, சகோதரி. கடல்நாய்களான சீல்கள் நெடுநேரம் முழுகும்போது தசைகளுக்கு இரத்தம் குறைந்து லாக்டேட் உள்ளேயே தேங்குகிறது, மேலே வந்தபின்தான் இரத்தத்தில் பொங்கி வருகிறது என்று 1940இல் ஷோலாண்டர் என்ற ஆய்வாளர் காட்டினார். அம்மாவின் முழுக்கு அவ்வளவு நீண்டதல்ல. ஆனாலும் உடல் பிராணவாயுவை நிரப்பிக்கொள்ளவும் கரியமில வாயுவை வெளியேற்றவும் அந்த நிற்றல் வேண்டும்.

ஒன்றை மட்டும் அம்மாவிடம் கட்டாயம் சொல்லுங்கள். முழுகுவதற்கு முன் வேகவேகமாக மூச்சை இழுத்து விடக்கூடாது. கரியமில வாயு அளவுக்கு மீறிக் குறைந்தால், மூச்சு முட்டும் எச்சரிக்கை வருவதற்கு முன்பே நீருக்குள் மயக்கம் வரலாம். கூடப் போகும் பெண்களிடமும் சொல்லச் சொல்லுங்கள்.