மார்கழிக் கச்சேரிகள்: முதன்முறை வருபவர் எங்கே தொடங்கலாம்?

கேள்வி: டிசம்பர் கடைசி வாரத்தில் சென்னையில் தங்கவிருக்கிறேன். கர்நாடக இசையில் பழக்கமில்லாத, நுழைவுச்சீட்டுக்கு அதிகம் செலவிட இயலாத ஒருவர் எந்தக் கச்சேரிகளுக்குப் போகலாம் என்று விவரமறிந்தவர்கள் கூறுவீர்களா?

மறுமொழி 1: பல சபாக்களில் பிற்பகல் கச்சேரிகளுக்குக் கட்டணம் கிடையாது, மாலையில் புகழ்பெற்ற பாடகருக்காக நிரம்பி வழியும் அதே அரங்கில், இளங்கலைஞர்கள் பாடும் அவ்வேளையில் முன்வரிசையிலேயே அமர்ந்து கேட்கலாம்.

மறுமொழி 2: 1928-இல் தொடங்கப்பட்ட மியூசிக் அகாடமியில் காலையில் நடைபெறும் செயல்முறை விளக்கவுரைகளைத் தவறவிடாதீர்கள், ராகத்தை அடையாளம் காண்பது எனக்கு அங்கேதான் பிடிபட்டது. அவர்களுடைய நாட்டிய விழா ஜனவரித் தொடக்கத்தில்தான் வரும் என்பதால், அது உங்களுக்குக் கிட்டாது.

மறுமொழி 3: தாள வாத்தியங்கள் மட்டும் ஒலிக்கும் பகுதியான தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் பலர் எழுந்து கேன்டீனுக்குப் போவார்கள் (அங்குள்ள காபியும் ஓர் ஈர்ப்புதான்). நீங்கள் அமர்ந்திருங்கள், மிருதங்கமும் கடமும் மாறிமாறிப் பேசிக்கொள்வது அப்போதுதான்.