நல்ல நடிகருங்கள வீணாக்கின காதல் காமெடி – நீங்க பாத்த அனுபவத்தச் சொல்லுங்க

பொள்ளாச்சி அம்மணி:

படத்தோட பேரு வேண்டாங்க, பாத்தவங்களுக்கே தெரியும். அத்தை, அப்புச்சி, பொடுசுகன்னு ஊட்டுல எல்லாரையும் கூட்டீட்டுப் போனோம், காரணம் போஸ்டர்ல இருந்த மூஞ்சிகதான். ஜோடிய விடுங்க, அப்பா வேசத்துக்கு நாடகத்துல இருந்து வந்த மனுசன், மாப்பிள்ளையோட அக்காவா ஒரு பார்வையிலயே சிரிக்க வெச்சு அழவும் வெக்கிற அந்தம்மா, இத்தன பேரும் ஒரே படத்துலன்னா யாருக்கு ஆசை வராது?

ஆனா பாருங்க, ஹீரோவும் ஹீரோயினும் சந்திக்கறாங்க, சண்ட போடறாங்க, டாப்ஸ்லிப் ரோட்டுல ட்ரோன் ஷாட், ஒரு பாட்டு, மறுக்காவும் சண்ட. எதுக்குப் புடிச்சுது எதுக்குப் பிரிஞ்சாங்கங்கறதுக்கு ஒரு சீன் கெடையாது, ஃப்ரெண்டு வந்து வாயால சொல்லீட்டுப் போறாரு.

எனக்கு மனசு ஆறாதது ஒரே ஒரு இடம். பையன் பொண்ணு கேக்க வர்றான், அப்பா ரசஞ்சோறு சாப்புட்டுட்டு இருக்காரு. வார்த்த காதுல விழுந்ததும் பெசஞ்ச கை அப்படியே நிக்குது, தொண்ட ஒருக்கா ஏறி எறங்குது, மெதுவா பொண்ணப் பாக்க முகத்தத் திருப்பறாரு. தேட்டரே கப்சிப்புன்னு ஆயிருச்சு. அவரு முழுசாத் திரும்பறதுக்குள்ள வெட்டி, ஃப்ரெண்டு திண்ணையில வழுக்கி விழறத காமிச்சு டொய்ங்னு ஒரு சத்தம். அந்த மனுசன் பொண்ணப் பாத்தாரா, என்ன செஞ்சாருன்னே நமக்குத் தெரியாது!

இதச் சொல்றப்ப காதலிக்க நேரமில்லை ஞாபகம் வருதுங்க. 1964ல ஸ்ரீதர் எடுத்தது, நம்ம ஆழியாறு கெஸ்ட் ஹவுஸ்லயும் ஷூட்டிங் நடந்துச்சு. அதுல தாராபுரத்துக்காரரு நாகேஷ் பாலையாவுக்குப் பேய்க்கத சொல்ற சீன் இன்னிக்கும் பேசப்படுதுன்னா காரணம் நாகேஷ் மட்டும் இல்ல. கத அவரு சொல்றாரு, நாம பாக்கறது பாலையா பயப்படறத. கேக்கறவரு மூஞ்சி மாறி முடியற வரைக்கும் கேமரா நிக்குது. காமெடி அங்கதான் பொறக்குது, கேக்கறவருகிட்ட. இந்தப் படத்துல ஒருத்தரையும் கேக்க விடல, எல்லாரும் பேசீட்டே இருக்காங்க.

கல்யாண சீன் அதுக்கும் மேல. குடும்பம் நம்ம கொங்குப் பக்கம்னு காட்டறாங்க, ஆனா மஞ்சப் பூசி டான்ஸ் ஆடற வடக்கத்திக் கல்யாணம். நம்மூரு கல்யாணத்துல இணைச்சீர்னு ஒண்ணு இருக்குது, அது மாப்பிள்ளையோட கூடப்பொறந்தவளுக்கே உண்டான சீர், சடங்க நடத்தி வெக்கற பெரியவரு, அருமைக்காரர்னு சொல்லுவோம், அவரு கூட நின்னு செஞ்சு வெப்பாரு. தம்பி மேல கோவத்துல பேசாம இருக்கற அக்கா, இணைச்சீருக்கு மட்டும் அவம்பக்கத்துல வந்து நின்னே ஆகோணும்னா நெனச்சுப் பாருங்க, ஒரு வசனம் வேண்டாம், அந்தம்மா கண்ணுலயே படத்தத் தூக்கியிருப்பாங்க. கத அவங்க கைக்குள்ளயே இருந்துச்சு, எடுக்கல. அந்தம்மாவுக்குக் கெடச்சது கும்பல்ல நின்னு கைதட்டற வேலை.

திருப்பூர் செகண்ட் ஷோ:

அதே படந்தாங்க. கம்பெனில ஷிப்ட் முடிச்சு ஓடிப் போயி பாத்தேன், அந்த ரசஞ்சோறு சீன்ல எனக்குப் பக்கத்துல இருந்த பெரியவரு "அட இருப்பா, அவரப் பாக்க உடு" னு ஸ்க்ரீனப் பாத்து கத்தீட்டாரு.

கோபிக்காரன்:

பொள்ளாச்சி அக்கா சொன்னதுக்கு ஒண்ணு சேத்தறேன். எங்கூரு பக்கத்துல வெள்ளாங்கோயில்ல பொறந்தவரு பாக்யராஜ், 1981ல இன்று போய் நாளை வா எடுத்தாரு. ஒரு பொண்ணு, பின்னால சுத்தற மூணு பசங்க, கத அவ்வளவுதான். ஆனா பொண்ணு வீட்டுல இருக்கற பெருசுக ஒவ்வொருத்தருக்கும் ஒரு வேலையக் குடுத்திருப்பாரு, அவங்ககிட்ட நல்ல பேரு வாங்கறதுக்குத்தான் பசங்க இந்தி படிக்கப் போறதும் அடி வாங்கறதும், அதுனால சின்ன வேசம்னு ஒருத்தரும் நிக்க மாட்டாங்க. இந்தப் புதுப் படத்துல அந்த அப்பாவத் தூக்கீட்டாலும் கத நகரும், அக்காவத் தூக்கீட்டாலும் நகரும். எழுதறப்பவே அவங்களுக்கு எடம் வெக்கலீங்க, பொறவு எவ்வளவு பெரிய நடிகரக் கூட்டீட்டு வந்தாலும் என்ன பண்ணுவாங்க பாவம். நான் ஈரோட்டுல பாத்தேன், எடவேளைக்கப்பறம் எங்கம்மா தூங்கீட்டாங்க, அந்த பாக்யராஜ் படத்த டிவில எப்பப் போட்டாலும் சோலிய விட்டுட்டு உக்காந்து பாக்கறவங்க.