அரசலாற்றங்கரையில் அஞ்சு மாடி: வேணுமா, வேணாமா? (இணையக் குழுவுல நடந்த பேச்சு, பேரெல்லாம் புனைபெயர்)

நாலாங்கட்டு: கும்பகோணம் காவிரிக்கும் அரசலாறுக்கும் நடுவுல உள்ள ஊர். இப்ப ஆத்தைத் தாண்டித் தெற்கேயும் வளருது. எங்க தெருவுக்குப் பின்னாடி கரையை ஒட்டி மூணு மா நஞ்சை, அதாவது ஒரு ஏக்கர். போன வருஷம் சம்பா அறுத்த வயல். கீழே வண்டி நிறுத்த, மேலே அஞ்சு மாடின்னு போர்டு வெச்சிருக்காங்க. உங்க அபிப்பிராயம் என்ன?

சம்பாபட்டம்: டெல்டாவைப் பாதுகாக்கத்தான் 2020-ல சட்டமே வந்துச்சே. வயல்ல எப்படிக் கட்ட முடியும்?

மனைக்கணக்கு: சார், அந்தச் சட்டம் தடுக்கிறது துத்தநாக உருக்காலை, தோல் பதனிடுறது, எண்ணெய், மீத்தேன் எடுக்குற வேலை மாதிரியானதை. வீடு அந்தப் பட்டியல்ல இல்ல. 2019 கட்டட விதியில 18.30 மீட்டர் வரைக்கும் உயர்மாடிக் கட்டடம்னே கணக்கு கிடையாது. அஞ்சு மாடி அதுக்குள்ள அடங்கிடும்.

இன்னொண்ணு. ஒரு ஏக்கரை மனையாப் பிரிச்சா ரோடு, பார்க் போக 2,400 சதுர அடியில 11, 12 மனைதான் தேறும். எஃப்.எஸ்.ஐ. (இடத்தோட பரப்புக்கு எத்தனை மடங்கு கட்டலாம்ங்குற கணக்கு) 2.0-ன்னா அதே இடத்துல 87,000 சதுர அடி கட்டலாம், 80 குடும்பம் இருக்கலாம். அந்த 80 பேரும் தனி வீடு கட்டினா ஏழு ஏக்கர் வயல் போகும். வயலைக் காப்பாத்தணும்னு நிஜமா நினைச்சா, உசரமாக் கட்டச் சொல்லணும்.

பிப்ரவரிஆறு: நோட்டீஸ்ல 'ரிவர் வியூ'ன்னு போட்டிருக்கான். ஜூன் 12 மேட்டூர் திறப்பு, ஜனவரி 28 மூடுறது. மீதி மாசம் கருவேலமர வியூ.

வாடகைவீடு: நக்கல் இருக்கட்டும்ணே. நான் ஆஸ்பத்திரில வேலை பாக்குறேன். அம்மாவுக்கு முட்டி வலி, நாங்க இருக்குறது மாடிப்போர்ஷன், லிஃப்ட் கிடையாது. 2028 மகாமகம்னு சொல்லியே இடத்தோட விலையை ஏத்திட்டாங்க. தனி மனை வாங்குறது கனவுதான். நாலு கட்டு வீட்டுல உக்காந்துக்கிட்டு மாடி வீடு வேணாம்னு சொல்றது சுலபம்.

நாலாங்கட்டு: தம்பி, பேர்தான் நாலாங்கட்டு, இருக்குறது ரெண்டு ரூம் வீடு. பக்கத்து மனைக்காரர் நாலடி உசரத்துக்குச் சவுடு மண் அடிச்சார், அப்புறம் எதிர்ல, அப்புறம் ரோடே உசந்துச்சு. படி ஏறிப் போன வீட்டுக்கு இப்ப ரெண்டு படி இறங்கிப் போறோம். போன ஐப்பசியில மூணு நாள் அடுப்படியில தண்ணி. அரிசி டின்னைக் கட்டில் மேல வெச்சோம், நாங்க திண்ணையில படுத்தோம். மாடி எத்தனைங்குறது எனக்குப் பிரச்சினையே இல்ல. அந்த வயலோட வாய்க்கால் எங்கே போகும்? அதான் கேள்வி.

சம்பாபட்டம்: அண்ணன் சொல்றதுதான் விஷயம். நம்ம பக்கம் ஒரே வாய்க்கால்தான் மேல் வயலுக்கு வடிகால், கீழ் வயலுக்குப் பாசனம். நடுவுல அடைச்சா மேலே ஊர் முங்கும், கீழே பயிர் காயும். அந்தத் தெருவுல பாதாள சாக்கடையும் கிடையாது. வீட்டுக்கு நாலு பேர்னா 80 வீட்டுல 320 பேர், ஆளுக்கு 135 லிட்டர் தண்ணின்னா நாளைக்கு 43,000 லிட்டர். அதுல பெரும்பகுதி கழிவா வெளியே வந்தாகணும். எங்கே விடுவாங்க?

மனைக்கணக்கு: சுத்திகரிப்பு நிலையம் வைக்கலாமே.

சம்பாபட்டம்: வைப்பாங்க. கரண்ட் பில்லை அசோசியேஷன் தலையில கட்டினதும் மோட்டாரை நிறுத்திடுவாங்க.

மனைக்கணக்கு: அது பராமரிப்புப் பிரச்சினை சார், மாடியோட குத்தம் இல்ல. வாய்க்கால் விஷயத்துல மட்டும் ஒத்துக்குறேன். வி.ஏ.ஓ. கிட்ட எஃப்.எம்.பி. ஸ்கெட்ச் (நிலத்தோட சர்வே வரைபடம்) பாருங்க. வாய்க்கால் புறம்போக்குன்னு இருந்தா ஒரு செங்கல் வைக்க முடியாது.

நாலாங்கட்டு (ரெண்டு நாள் கழிச்சு): பாத்துட்டேன். ஸ்கெட்ச்ல வாய்க்கால் வடகிழக்கு மூலையில வளைஞ்சு போகுது. நேர்ல போனா அந்த வளைவுல மண்ணைக் கொட்டி மேடாக்கி, புக்கிங் ஆபீஸ் கண்டெய்னரை நிறுத்தியிருக்கான். உள்ளே ஏ.சி. வேற ஓடுது.

வாடகைவீடு: அங்கதான்ணே நான் 50,000 அட்வான்ஸ் கட்டினேன். போட்டோ எடுத்தீங்களா?