காடி (கார்) சீடி சேஞ்சர் சிக்கிக்கொண்டது: கழற்றாமல் எடுக்க முடியுமா?

ஜெலுத்தோங் குமார்:
காடி ரேடியோவோடு சேர்ந்த, ஆறு சீடி போட்டு மாற்றி மாற்றிக் கேட்கும் சேஞ்சர். எஜெக்ட் அழுத்தினால் கரகரவென்று சத்தம், பிறகு 'எரர்'. சீடி வெளியே வரவில்லை. என்ன செய்யலாம்?

பிறை செல்வா:
தம்பி, கத்தி, ஸ்கேல் எதையும் சீடி போடும் வாய்க்குள் விடாதீங்க, லென்ஸ் போய்விடும். ரேடியோவுக்குக் கோட் எண் (பேட்டரியைக் கழற்றி மாட்டினால் கேட்கும் ரகசிய எண்) இருந்தால் முதலில் எழுதி வையுங்க. பேட்டரி நெகட்டிவ் ஒயரை 10 நிமிடம் கழற்றி மாட்டி, சாவியைத் திருப்பியதும் எஜெக்ட்டை அழுத்திப் பிடிங்க. சில சேஞ்சர்கள் இதிலேயே ரீசெட் ஆகிவிடும்.

செந்தூல் மணி:
காகித லேபிள் ஒட்டிய சீடியா? வெயிலில் நிறுத்திய காடியில் பசை இளகி, லேபிள் சுருண்டு, சீடியை இழுக்கும் ரப்பர் ரோலரில் ஒட்டும். அதற்கு ரீசெட் உதவாது, கழற்றத்தான் வேண்டும்.

ஜெலுத்தோங் குமார்:
ஆமாண்ணே, ரெண்டு சீடியில் லேபிள் இருக்கு.

செந்தூல் மணி:
அப்போ அதுதான். சேஞ்சரைக் கழற்றி மேல்மூடியைத் திறந்ததும் ஸ்பிரிங் இருக்கும் இடங்களைப் படம் எடுத்துக்கோங்க. இதை விட்டால் திரும்ப மாட்டுவது பெரும்பாடு. லோடிங் மோட்டாரின் (சீடியை உள்ளே வெளியே நகர்த்தும் மோட்டார்) தண்டை விரலால் மெதுவாகச் சுற்றுங்க. பெரிய பல்சக்கரத்தைத் தள்ளினால் பல் உடையும். இறுகினால் எதிர்ப்பக்கம் சுற்றுங்க. சீடி வந்ததும் ரோலரை ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைங்க. டபிள்யூடி-40 அடிக்கவே கூடாது, ரப்பர் வழுக்கி மறுபடியும் சிக்கும்.