ஒன்பதாம் வகுப்பில் கயிறும் கைகலப்பும்

கேள்வி (அம்பாசமுத்திரம் பக்கம்): சாப்பாட்டு இடைவேளை முடிஞ்சதும் தினமும் சண்டை. சாதி அடையாளமா கையில் கலர் கயிறு கட்டின ரெண்டு கோஷ்டி. அடிக்காம எப்படி அடக்குறது?

பதில் 1: அடி சட்டப்படியே கிடையாது சார். சண்டை எப்போ, எங்கே, யாருக்குள்ளன்னு ரெண்டு வாரம் நோட்டில் குறிங்க. குழாயடியும் பஸ் ஸ்டாப்பும்தான் அதிகம் வரும். அங்கே ஒரு ஆசிரியர் நின்னாலே குறையும்.

பதில் 2: வகுப்பு நடுவே கயிறை அறுத்தா வீம்பு கூடும். தனியா கூப்பிட்டு அவனையே கழற்ற வைங்க. பெஞ்சை அகர வரிசைப்படி மாத்துங்க. பள்ளிகளில் சாதி மோதலைத் தடுக்க அரசு அமைச்ச சந்துரு குழுவோட 2024 அறிக்கையிலும் இது உண்டு.

பதில் 3: எழுத்துக்கூட்டி வாசிக்கத் திணறுற பையன்தான் பலநேரம் சேட்டை பண்ணுவான். ஒரு பத்தி வாசிக்கச் சொல்லிப் பாருங்க. அம்மா சுத்தின பீடியை ஒப்படைக்கிற நேரத்தில் பள்ளிக்குக் கூப்பிட்டா எப்படி வருவாங்க? வீட்டில் அடி உதைன்னா குழந்தைகள் உதவி எண் 1098க்குச் சொல்லுங்க.